இரண்டு சொட்டு போதும் என்றார்

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஆவணி மாதம் நடந்தது இது. போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் இறங்கும் சரிவில் எங்களுக்கு ஒரு சின்ன ஏலக்காய் ஸ்டோர் இருக்கிறது. ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சைக்காயை அனல் காற்றில் காய வைக்கிற கட்டிடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். குடியிருப்பது போடியில். காய் எடுப்பு நடக்கிற மாதங்களில் மட்டும் ஸ்டோரை ஒட்டிய ஒற்றை அறையில் தங்கிவிடுவேன். எங்கள் காயோடு, சுற்றியுள்ள சிறு தோட்டக்காரர்களின் காயையும் கூலிக்குக் காய வைத்துக் கொடுப்பேன்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரம் எனக்குக் கூடவே பிறந்தது. விசில் அடங்குவதற்குள் குக்கரைத் திறக்கப் போய் கையைச் சுட்டுக்கொண்டது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. வீட்டுக்காரர் போனில் கூட, "சொல்றதை முழுசாக் கேளு" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்.

அன்றைக்குக் காலையில் பக்கத்துச் சரிவிலிருந்து ஒரு பெண் காய் கொண்டுவந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். ஒரு எஸ்டேட்டில் தினக்கூலி. வருடக்கணக்காக அடுத்தவர் செடியில் காய் பறித்தவள், அந்த வருடம்தான் துணிந்து அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்திருந்தாள். எஸ்டேட் வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாடுபட்டு எடுத்த முதல் காய் அது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, போடியில மொத தடவையா எம் பேருல சீட்டுப் போடப் போறாக. பாத்து எடுத்துக் குடுங்கக்கா."

போடியில் காய் வாங்குகிற கடையில் சரக்கை எடை போட்டதும் விற்கிறவர் பேரில் எழுதித் தருகிற சீட்டைத்தான் சொன்னாள். அந்தச் சீட்டில் இதுவரை அவள் பார்த்ததெல்லாம் முதலாளிகளின் பெயர். "நீ நிம்மதியாப் போயிட்டு வா, நான் இருக்கேன்ல" என்று அனுப்பி வைத்தேன். அவளும் எஸ்டேட் வேலைக்கு ஓடினாள்.

காயைக் கழுவி, தட்டுகளில் பரப்பி, அடுப்பில் விறகை மூட்டி, சுவிட்சைப் போட்டேன். அனல் காற்றை உள்ளே தள்ளுகிற விசிறி நாலு சுற்றுச் சுற்றியது. ஒரு முனகல், கொஞ்சம் கருகல் வாடை, அவ்வளவுதான். மோட்டார் போய்விட்டது.

பச்சைக்காய் யாருக்காகவும் காத்திருக்காது. பறித்த மறுநாளுக்குள் சூட்டில் ஏற்றாவிட்டால் பச்சை நிறம் போய் வெளுத்துவிடும். போடியில் மோட்டார் கட்டுகிற கடைக்குப் போன் போட்டேன். அங்கே எங்கள் பழைய மோட்டார் ஒன்று புதிதாகக் கம்பிச் சுருள் கட்டித் தயாராக இருந்தது நல்ல காலம். வழக்கமாக எங்களுக்கு லோடு ஏற்றுகிற ஜீப்பு டிரைவர் அதை வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் வந்து சேர்ந்தார்.

இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். கெட்டுப்போன மோட்டாரின் தண்டிலிருந்து விசிறியைக் கழற்றி, வந்திருக்கிற மோட்டாரில் மாட்ட வேண்டும். விசிறியைப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டு. அது காற்றுக்குழாயின் வாய்க்குள் இருக்கிறது. மலை மூட்டத்திலும் காயிலிருந்து வருகிற ஈரத்திலும் நாலைந்து வருடம் கிடந்ததில், நட்டு எது தண்டு எது என்று தெரியாத அளவுக்குத் துருவேறி ஒன்றாகியிருந்தது.

டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஜீப்பிலிருந்து துருவுக்கு அடிக்கிற ஸ்பிரே டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ரெண்டு சொட்டுப் போதுங்க்கா. மரையில படுற மாதிரி வச்சிட்டு, சுத்தியலால லேசா நாலு தட்டுத் தட்டி விட்டுருங்க. பெறகு அந்தப் பக்கமே போகாதீங்க. சோறு தின்னுட்டு வாங்க. எண்ணெ தானா எறங்கும். எனக்கு ஆளு ஏத்துற சோலி இருக்கு, நாளைக்கு மூட்டை ஏத்த வர்றேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் சொல்ல முடியாது. நானும் தலையாட்டினேன். ஜீப்பு வளைவில் மறைந்தது. இரண்டு சொட்டு வைத்தேன். சரியாகப் பத்து நிமிடம் பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன். அசையவில்லை. ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி, சுவரில் காலை ஊன்றி இழுத்தேன். ஸ்பேனர் வழுக்கியது. கை சுவரில் மோதி விரல் மூட்டெல்லாம் தோல் உரிந்தது. குனிந்து பார்த்தால் நட்டின் முனைகள் மழுங்கிப்போயிருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. நட்டின் மீது கோபப்படுகிறவளைப் பார்த்திருக்கிறீர்களா? அன்றைக்கு நான் பட்டேன். டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து முழுவதையும் அடித்தேன். அதுவும் போதாதென்று, விறகு பற்ற வைக்க வைத்திருந்த டீசலை ஒரு டம்ளரில் எடுத்து ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஊற்றினேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஏலக்காய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். எங்கள் ஸ்டோருக்குள் கருவாட்டுப் பொட்டலத்தோடு ஒருவரும் நுழைய முடியாது, நான் விட மாட்டேன். சோப்புப் போட்டுத் துவைத்த துணியைக்கூட உள்ளே காயப் போடுவதில்லை. பீடியை அணைத்துவிட்டு வந்த ஆளைக் கூட வாசலிலேயே நிறுத்தி வாய் கொப்பளிக்கச் சொன்னவள் நான். அப்படிப்பட்ட நான்தான், காயை நோக்கிக் காற்று போகிற குழாய்க்குள்ளேயே டீசலை டம்ளர் டம்ளராக ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என் கண்ணுக்கு நட்டு மட்டும்தான் தெரிந்தது.

நாலு மணி வாக்கில், அலுத்துப்போய், எதிர்ப்பக்கமாக ஒரு துளி முறுக்கிவிட்டுத் திரும்ப இழுத்தேன். கிரீச்சென்று ஒரு சத்தம். நட்டு அசைந்தது. பிறகு சமத்தாகக் கழன்று கையில் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? இவ்வளவு நேரம் ஊறியதில்தான் அது இளகியது, என் பலத்தால் இல்லை என்பது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு, ஒற்றைப் பொம்பளையாக ஒரு மோட்டாரைக் கழற்றி மாட்டிவிட்டேன் என்ற பெருமை தலைகொள்ளவில்லை. துருப்பிடித்த நட்டை உள்ளங்கையில் வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். காற்றுக்குழாயைச் சாக்குத் துணியால் ஒரு துடை துடைத்தேன். வந்த மோட்டாரை மாட்டி, புது நட்டைப் போட்டு, சுவிட்சைத் தட்டினேன். விசிறி ஓடியது. என் கை, சேலை, தலைமுடி எல்லாமே டீசலாக இருந்ததால் காற்றில் என்ன வாடை வருகிறது என்று எனக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு ஸ்டோர்க் கதவைத் திறந்தேன். திறந்ததும் எப்போதும் முகத்தில் வந்து மோதுவது ஏலக்காய் மணம். அன்றைக்கும் மோதியது. ஆனால் அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. ஒரு காயை எடுத்து நசுக்கி மோந்தேன். தோலில் டீசல். உள்ளே அரிசி என்கிற விதையிலும் மெல்லிசாக டீசல். காற்றுக்குழாயின் அடித் தகரத்தில் தேங்கி நின்ற எண்ணெயை அப்போதுதான் பார்த்தேன். ராத்திரி முழுக்க அனல் அதை ஆவியாக்கி உள்ளே அனுப்பியிருக்கிறது.

குழாயைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். வாடை போய்விடும், காற்றுப் பட்டால் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதியம் காய் முழுவதும் உலர்ந்தது. காம்பு போகத் தேய்த்துப் புடைத்து எடுத்தேன். நிறம் என்றால் அப்படி ஒரு பச்சை. அந்த வருடம் எங்கள் காய்கூட அவ்வளவு நன்றாக வரவில்லை. மோந்து பார்த்தேன். குறைந்திருந்தது. போகவில்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் அதே டிரைவரின் ஜீப்பில் வந்து இறங்கினாள். காயைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜீப்பு வாசலில் உறுமிக்கொண்டு நின்றதில் அந்த இடமே டீசல் புகையாக இருந்தது. அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எங்கள் ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய சரக்கு காய்ந்து இறங்கினாலும், அதிலிருந்தே நாலு காயைத் தட்டிப் போட்டு டீ வைப்போம். காய்க்காரர்தான் முதலில் குடிக்க வேண்டும். நான் அடுப்படிக்குப் போனேன். அவளுடைய காய் நாலு என் கையில் இருந்தது. அதை அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டு, அலமாரியில் இருந்த எங்கள் பழைய டப்பாவைத் திறந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் காயைத் தட்டிப் போட்டு டீ வைத்து, டம்ளரை அவளிடம் நீட்டினேன்.

ஒரு வாய் குடித்தாள். கண் கலங்கிவிட்டது.

"என்னா மணம்க்கா! நம்ம காயாக்கா இது!"

"நம்ம காய்தான்" என்றேன்.

எவ்வளவோ தப்புப் பண்ணியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது. டீசல் ஊற்றியது அவசரம். இது அவசரத்தில் செய்தது இல்லை. யோசித்துச் செய்தது.

மூட்டையை ஏற்றிக்கொண்டு ஜீப்பு போடிக்குக் கிளம்பியது. அவள் முன் சீட்டில் உட்கார்ந்து கைகாட்டிவிட்டுப் போனாள். நான் டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தேன். கை ஓடவில்லை. கட்டி வைத்த மூட்டைக்குள் வாடை இன்னும் ஏறும். கடையில் அவிழ்த்த உடனே தெரிந்துவிடும். அந்தச் சீட்டில் அவள் பேர் ஏறுவதற்கு முன்னாலேயே கெட்டுப்போகும். முதல் தடவை வந்த ஆள், மலையிலிருந்து வந்த கூலிக்காரப் பொம்பளை, யார் நம்புவார்கள்? அவளுக்குப் போன் போட்டேன். மலைப்பாதையில் சிக்னல் இல்லை. டிரைவருக்கும் போகவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். அடுத்த பஸ்சு வர அரை மணி நேரம் ஆனது. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே இறங்கினேன்.

கடை வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய மூட்டை உள்ளே இல்லை. தெருவில், சாக்கடை ஓரத்தில், தனியாக வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இருந்தால் மற்ற மூட்டைகளுக்கும் வாடை ஏறும் என்று வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே நாலைந்து வியாபாரிகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைக்கார பாய் சத்தம் போடவில்லை. தன்மையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏந்தாயி, கலர் இம்புட்டு நல்லாருக்கு. மண்ணெண்ணெ டின்னுக்குப் பக்கத்துல எங்கயும் வச்சிட்டியா?"

அவள் ஜீப்பு டிரைவரைக் கையைக் காட்டினாள்.

"இவரு ஜீப்புலதேன் ஏறியிருக்கணும் பாய். அக்கா ஸ்டோர்ல அப்படி நடக்கவே நடக்காது. அங்க நான் எங்காயிலேயே டீ குடிச்சிட்டுத்தேன் வர்றேன். அம்புட்டு மணமா இருந்துச்சு."

டிரைவர், "ஆத்தா, எஞ்ஜீப்புல கேனே கெடையாது, வந்து பாரு" என்று மன்றாடிக்கொண்டிருந்தார். ஒருவரும் அவர் சொல்வதைக் காதில் வாங்கவில்லை. ஜீப்பில் டீசல் வாடை இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

நான் படியில் நின்றேன். இன்னும் யாரும் என்னைப் பார்க்கவில்லை. உண்மையை மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு நொடி, திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. பழி ஜீப்பின் மேல் விழுந்துவிட்டது. எனக்குச் சாட்சி சொல்கிறவள் அவளேதான். நான் கொடுத்த பொய் டீயை வைத்துக்கொண்டு என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனேன். "ஜீப்புல இல்ல பாய். எங்க ஸ்டோர்லதான். காத்துக்குழாய்க்குள்ள நான்தான் டீசல் ஊத்தினேன்" என்றேன். நட்டு கழலாதது, டிரைவர் இரண்டு சொட்டு என்று சொன்னது, நான் கேட்காதது எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். காலையிலேயே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

டிரைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"டீயுமாக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போடி வீட்டில் விற்காமல் வைத்திருந்த எங்கள் காயில், அவளுடைய எடைக்கு எடை, நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டுவந்து பாய் முன்னால் வைத்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். பாய் கையை மூட்டைக்குள் விட்டு ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார். அவள் பேரைக் கேட்டு, எழுத்துக்கூட்டிச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "அடுத்த சரக்கையும் இங்கயே கொண்டா தாயி" என்றார். வியாபாரிகளில் ஒருவர் இதையெல்லாம் யார் வந்து ஒத்துக்கொள்வார்கள் என்று என்னைப் பாராட்டுகிற மாதிரி ஏதோ சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. அடிபட்டவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்தவளைப் பாராட்டுவது என்ன நியாயம்? சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். திரும்பும் ஜீப்பில் நாங்கள் இருவரும் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்து வந்தோம். அவள் முகம் கடைசி வரை வெளிப்பக்கமே திரும்பியிருந்தது.

டீசல் ஏறிய மூட்டையைத் தோட்டத்தில் குழி வெட்டிக் கொட்டினேன். டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிய மனசோடு, காற்றுக்குழாய் பக்கம் எண்ணெயே வேண்டாம், நட்டைச் சூடு பண்ணி மெழுகுவத்தியைத் தொட்டு வைத்தால் உருகி மரைக்குள் இறங்கிவிடும் என்று சொல்லிக் கொடுத்தார். "அதுக்கும் பொறுக்கணும்க்கா" என்று ஒரு குத்தும் வைத்தார். இப்போதெல்லாம் வைகாசியிலேயே, சீசன் தொடங்குமுன், எல்லா நட்டையும் ஒருமுறை கழற்றி மாட்டிவிடுகிறேன்.

அவள் அடுத்த எடுப்பை வேறு ஸ்டோருக்குக் கொண்டுபோனாள். என் ஸ்டோரைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். தலைச்சுமையோடு அவள் தாண்டிப் போவதை வாசலில் நின்று பார்த்தேன். மூன்றாவது எடுப்புக்கு என் வாசலில் வந்து மூட்டையை இறக்கினாள். பழசை மறந்துவிட்டாளோ என்று ஒரு நப்பாசை. "அங்க காய் வெளுத்துப் போகுதுக்கா" என்றாள். அவ்வளவுதான் காரணம்.

மூட்டையை அவிழ்க்குமுன் நேராகக் காற்றுக்குழாயிடம் போனாள். குனிந்து, தலையை உள்ளே விட்டு, மூச்சை இழுத்து மோந்து பார்த்தாள். பிறகுதான் காயைக் கொட்டச் சொன்னாள். சரக்கு இறங்கியதும் அடுப்படிக்கு அவளே வந்து, தன் காயைத் தானே தட்டிப் போட்டு டீ வைத்தாள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள்.

மூன்று வருடமாகிறது. இன்று அவள் ஒரு ஏக்கர் வைத்திருக்கிறாள். எங்கள் ஸ்டோருக்குத்தான் வருகிறாள். சிரிக்கிறாள், ஊர்க்கதை பேசுகிறாள், என் பிள்ளைகளை விசாரிக்கிறாள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் குழாயை மோந்து பார்க்காமல் மூட்டையை அவிழ்ப்பதில்லை. முதலில் அது எனக்கு ஊசியாய்க் குத்தியது. இப்போது இல்லை. அவள் தலையை வெளியே எடுத்து, "சரிக்கா, கொட்டுங்க" என்று சொல்லும் வரை பக்கத்தில் பேசாமல் நிற்கிறேன். அவளிடம் நான் கெடுத்துக்கொண்டதை அவசரப்பட்டுத் திரும்பக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்பதை, பிறவியிலேயே பொறுமை இல்லாத நான், அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கற்றுக்கொள்கிறேன்.